தீ வாள் யாருக்கு?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்
(கடிதத்தில் வரும் பெயர்கள் மாற்றப்பட்டவை)

மதுரை நரிமேட்டிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஆறு பேர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி, கதைக்குள் சண்டை போடுவார்கள், புதையல் எடுப்பார்கள். எல்லோரும் ஒரே அணி. கடிதம் எழுதியவர்தான் கேம் மாஸ்டர். யானைமலைக்கு அடியில் ஒரு குகை, ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போன கொள்ளைக் கூட்டம், மீட்கப் போகிற ஐந்து பேர் என்று கதையை நம்ம ஊரிலேயே வைத்திருக்கிறார்.

அந்த ஐந்து பேர் இவர்கள். பள்ளிக்கூட நண்பர் கதிர், வாள் சுழற்றும் ஃபைட்டர். தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மலர், காயம் ஆற்றும் கிளெரிக். கூட வேலை பார்க்கும் ரவி, மந்திரம் போடும் விசார்டு. ரவியின் மனைவி தீபா, பாட்டுப் பாடித் தெம்பூட்டும் பார்டு. பதினோராம் வகுப்புப் படிக்கும் சித்தப்பா மகன் பாண்டி, பூட்டுத் திறக்கிற, வேவு பார்க்கிற ரோக்.

பங்குனி மாதத்து ஆட்டம் ஒன்றில் குகைக் காவலனை வீழ்த்தி 3,000 பொற்காசும், கட்டளையிட்டால் தீப்பற்றி எரியும் ஒரு வாளும் எடுத்தார்கள். மலருக்கு அன்றைக்கு நைட் ட்யூட்டி. அவருடைய கிளெரிக்கையும் ரவியே சேர்த்து ஆட்டினார். நன்றாகச் சண்டை போட்டது கதிர்தான் என்று கேம் மாஸ்டர் வாளைக் கதிருக்குக் கொடுத்துவிட்டார். காசை, வந்திருந்த நால்வருக்கும் 750 வீதம் பிரித்தார். நன்றாக நடிப்பவர்களுக்குக் கூடுதல் எக்ஸ்.பி. (கேரக்டரை அடுத்த லெவலுக்கு ஏற்றும் அனுபவப் புள்ளி) தரும் பழக்கமும் அவருக்கு உண்டு. அதனால் கதிரும் ரவியும் ஏழாம் லெவலில் இருக்க, மலர் ஐந்திலேயே நிற்கிறார். இதற்கு நடுவே, எல்லோரும் சண்டையில் இருந்தபோது பாண்டி ஒரு ரகசியப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலிருந்த மூன்று சிவப்புக் கற்களை எடுத்துக்கொண்டதாக கேம் மாஸ்டரிடம் துண்டுச்சீட்டு நீட்டியிருக்கிறார். இவரும் தலையாட்டிவிட்டார்.

விஷயம் பிறகு வெளியே வந்தது. “வாளை வித்துப் பிரிச்சிருக்கணும்” என்றார் ரவி. “அடி வாங்குனது யாரு, நீயா?” என்றார் கதிர். மலர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: “அண்ணே, போன மாசம் கதிர் செத்தப்ப என் கைக்காசுல வாங்குன வைரத்தை வச்சுத்தான் எழுப்புனேன். இப்ப நான் ட்யூட்டில இருந்தா என் பங்கு போயிருமா?” எழுதிவிட்டுக் குழுவிலிருந்தும் போய்விட்டார். ரவியும் இப்போது, ஆளுக்கு ₹1,500 போட்டு வாங்கிய ரூல் புத்தகங்களில் தன் பணத்தையும், தான் கொடுத்த பகடை செட்டையும், குட்டி பொம்மைகளையும் திருப்பிக் கேட்கிறார்.

நன்றாக ஆடுபவருக்குக் கூடக் கொடுப்பது தப்பா, வராதவருக்கும் பங்கு தந்தால் அப்புறம் யார் வருவார்கள், பாண்டியைக் கண்டிக்கலாமா, புத்தகமும் பகடையும் சட்டப்படி யாருடையவை, இனிமேல் எல்லாப் பங்கையும் நானே பிரித்துவிட்டால் பிரச்சினை தீருமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, கடிதத்தைப் படித்து முடித்தபோது பாகப்பிரிவினை வழக்கின் பிராதைப் படித்தது போலவே இருந்தது. அண்ணன் உழைத்தேன் என்கிறார், தங்கச்சி வெளியூரில் இருக்கிறாள், கடைக்குட்டி எதையோ ஒளித்து வைத்திருக்கிறான், பெரியவர் கேட்காமலே பிரித்துக் கொடுத்துவிட்டார். என் ஆபீஸ் ஜூனியர் ஒருவர் இந்த ஆட்டம் ஆடுகிறவர். நீங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி விளக்கினார். கிளையன்ட் கட்டை அவர் இவ்வளவு ஆர்வமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வது அந்தப் புத்தகங்களை வைத்து. சட்டம் என் தொழில்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். கதைக்குள் இருக்கும் பொற்காசுக்கும் வாளுக்கும் எந்தக் கோர்ட்டும் வராது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வியாபாரம் ஒன்றின் லாபத்தைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர்கள்தான் பார்ட்னர்கள். மொட்டைமாடியில் பகடை உருட்டுவது வியாபாரம் ஆகாது. ஆனாலும் கூட்டாகப் போய் எடுத்ததைப் பிரிப்பதில் எங்கெங்கே மனஸ்தாபம் வரும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அந்த யோசனையை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

புதையலை வைப்பவரே பிரிக்கலாமா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே பிரித்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறீர்கள். பிரச்சினை தொடங்கியதே நீங்கள் பிரித்ததால்தான். குகையில் என்ன வாள் இருக்க வேண்டும் என்று எழுதியது நீங்கள். காவலன் எவ்வளவு அடிப்பான் என்று தீர்மானித்தது நீங்கள். யார் நன்றாக ஆடினார் என்று சொன்னதும் நீங்கள்தான். கடைசியில் வாளை எடுத்து ஒருவர் கையில் கொடுத்ததும் நீங்கள் என்றால், கதிருக்காகவே அந்த வாளை எழுதினீர்கள் என்று ரவி நினைப்பதைத் தடுக்க வழியே இல்லை. உங்கள் மனதில் அப்படி ஒன்று இல்லாமல் இருக்கலாம். நான் நம்புகிறேன். ஆனால் பள்ளிக்கூட நண்பனுக்கு வாள், ஆபீஸ் நண்பனுக்குக் காசு என்று ஆகிப்போனதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு வேறு மாதிரித்தான் தெரியும்.

புதையலில் என்ன இருக்கிறது என்பதோடு உங்கள் வேலை முடிந்தது. யார் எடுப்பது என்பதை ஐந்து பேரும் பேசி முடிக்கட்டும். நீங்கள் டீ போடப் போங்கள். அவர்கள் பேசிக்கொள்வதே ஆட்டத்தின் ஒரு பகுதிதான். ஃபைட்டர் விசார்டிடம் பேரம் பேசுவதைவிட நல்ல காட்சியை நீங்கள் எழுதிவிட முடியாது. ஒருவர் கை காலியாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. அடுத்த குகையில் கிளெரிக்குக்குப் பொருந்துகிற ஒரு கேடயத்தை வையுங்கள். அது உங்கள் அதிகாரத்துக்குள் வருவது.

பேசி வைக்காவிட்டால் சமம்

நன்றாக ஆடுபவருக்குக் கூடக் கொடுப்பது தப்பில்லை, முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால். உங்கள் குழுவில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. பேச்சு நடக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்குக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபத்தில் எல்லோருக்கும் சம பங்கு, நஷ்டத்திலும் அப்படியே. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. கூட்டு வேலையில் நான் அதிகம் ஓடியாடினேன் என்பதற்காக ஒரு பார்ட்னர் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது, அதற்கும் ஒப்பந்தம் வேண்டும். கதிரின் “அடி வாங்குனது யாரு” என்ற வாதம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

கதிர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஃபைட்டர் முன்னால் நின்று அடி வாங்குவது அந்தக் கேரக்டரின் வேலை. அவர் எழுந்து நிற்க மலர் மந்திரம் போட்டார், ரவி தூரத்திலிருந்து எரித்தார், பாண்டி பொறியைக் கண்டுபிடித்தார். சண்டையில் அதிக டேமேஜ் கொடுத்தவருக்கு அதிகப் பங்கு என்று வைத்தால், அடுத்த ஆட்டத்தில் யாரும் கிளெரிக் ஆட வரமாட்டார்கள்.

எக்ஸ்.பி. விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. பொற்காசை விட அதுதான் உங்கள் குழுவை அதிகம் பிளந்திருக்கிறது, நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, கொண்டுவந்த புதையலுக்கே எக்ஸ்.பி. உண்டு. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. காசு குறைந்தால் வளர்ச்சியும் குறையும், ஆகவே அந்தக் காலத்தில் காசுக்கு அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. நீங்கள் ஆடும் பதிப்பில் காசுக்கும் லெவலுக்கும் அப்படி ஒரு முடிச்சு இல்லை. வீழ்த்திய எதிரிக்கான எக்ஸ்.பி.யைக் கலந்துகொண்டவர்களுக்குச் சமமாகப் பிரி என்பதுதான் புத்தகத்தில் உள்ள கணக்கு. கதைக்கு ஒரு கட்டம் வந்ததும் எல்லோரையும் சேர்த்து ஒரு லெவல் ஏற்றிவிடும் வழியும் அதிலேயே இருக்கிறது. ஜூனியரின் குழுவில் அப்படித்தான் செய்கிறார்களாம்.

லெவல் வித்தியாசம் காசு வித்தியாசம் போலத் தீர்த்துக்கொள்ளக் கூடியது இல்லை. ஏழாம் லெவல் விசார்டு நாலாம் நிலை மந்திரம் போடும்போது ஐந்தாம் லெவல் கிளெரிக் மூன்றாம் நிலையில் நிற்கிறார். ஏழாம் லெவல்காரர்களுக்கு ஏற்ற எதிரியை நீங்கள் இறக்கினால் முதலில் சாய்வது மலர்தான். அடுத்த ஆட்டத்திலேயே மலரையும் மற்றவர்களையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவாருங்கள். பழைய கணக்கு வேண்டாம்.

நடிப்புக்குப் பரிசு தர வேண்டும் என்று ஆசையிருந்தால் புத்தகத்தில் ‘இன்ஸ்பிரேஷன்’ இருக்கிறது. அது கிடைத்தவர் ஒரு முறை இருபது முகப் பகடையை இரண்டு தரம் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். சேர்த்து வைக்க முடியாது. இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். விரும்பினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ஒரு முறை பயன்படுத்தியதும் தீர்ந்துபோகிற பரிசு என்பதால் யாரையும் நிரந்தரமாகப் பின்னால் தள்ளாது. அதைத் தரும்போதும் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் நல்ல நடிப்பு என்று எண்ணுவது சத்தமாகப் பேசுவதையா? உங்கள் கடிதத்தில் கதிர் பேசுகிறார், ரவி பேசுகிறார், மலர் எழுதுகிறார், பாண்டி சீட்டு நீட்டுகிறார். தீபா என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட இல்லை.

வெட்டிப் பிரிக்க முடியாத பொருள்

காசைப் பிரிக்கலாம், வாளை எப்படிப் பிரிப்பது? வீடும் கிணறும் பாகத்துக்கு வரும்போது எங்களுக்கும் இதே தலைவலிதான். அதற்கென்றே 1893-இல் ஒரு பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்ல அதன் 2-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ரவி கேட்பது இதைத்தான். ஆனால் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். ஒரு பங்காளி விற்கச் சொன்னால், விற்காதே, மதிப்புப் போட்டு அவர் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்க மற்றவருக்கு உரிமை உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அப்படிக் கேட்டு வந்தால், மதிப்புக்கு மேல் யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு.

ஆக, ரவிக்கு விலை கேட்க உரிமை இருக்கிறது, கதிருக்கு வாளை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு பேரும் பாதி சரி. நீங்கள் செய்த கோளாறு, வாளைக் கதிரிடம் கொடுத்தது அல்ல, விலையில்லாமல் கொடுத்தது.

உங்கள் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வாளுக்கு 1,500 பொன் என்று ஐந்து பேரும் ஒப்புக்கொள்வதாக வைப்போம். காசு 3,000. பாண்டியின் கற்கள் ஒன்று 100 வீதம் 300 (கடிதத்தில் நீங்கள் சொன்ன மதிப்பு). மொத்தம் 4,800. இதிலிருந்து முதலில் மலரின் வைரத்துக்கு 300. ‘ரிவிவிஃபை’ மந்திரத்துக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் போட்டதும் அது கரைந்துபோகும் என்று புத்தகம் சொல்கிறது. கூட்டு வேலையில் ஒரு பார்ட்னர் கைக்காசு போட்டால், அதுவும் அவசரத்துக்குப் போட்டால், கூட்டு அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே 13-ஆம் பிரிவில் இருக்கிறது. கதிர் செத்துக் கிடந்ததைவிட அவசரம் வேறென்ன? மீதி 4,500. ஐந்து பங்கு. ஆளுக்கு 900.

கதிர் கையில் 1,500 பெறுமான வாள் இருக்கிறது, ஆகவே அவர் 600 கூடுதலாக வைத்திருக்கிறார். காசில் அவருக்கு ஒன்றும் வராது. நீங்கள் அவருக்குக் கொடுத்த 750-ஐ மலரிடம் கொடுக்கட்டும். பாண்டி 300-ஐ வைரத்துக்காக மலரிடம் கொடுக்கட்டும், கல்லாகவோ காசாகவோ. ரவி, தீபா கையில் இருப்பதைத் தொடவே வேண்டாம். இப்போது மலர், ரவி, தீபா, பாண்டி நால்வரிடமும் பங்காக 750 இருக்கும். அடுத்த புதையலில் கதிர் பங்கிலிருந்து இந்த நால்வருக்கும் 150 வீதம் கழித்துக்கொண்டால் கணக்கு நேர்.

விலையில் ஒத்துப்போகாவிட்டால் ரவி விலை சொல்லட்டும், கதிர் முடிவு செய்யட்டும். அந்த விலைக்குத் தானே எடுப்பதா, விற்றுப் பிரிப்பதா என்று. விலை சொல்கிறவருக்கு முடிவு கையில் இல்லை என்பதால் ஏற்றியும் சொல்ல முடியாது, இறக்கியும் சொல்ல முடியாது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் ஏலம் விடுங்கள். அவரவர் பங்குக் காசிலிருந்து கேட்கட்டும், கேட்ட தொகை மற்றவர்களுக்குப் பிரியட்டும். ஏலச்சீட்டு கட்டி வளர்ந்த ஊரில் இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பொருளுக்கு ஆசைப்படுவதற்கு முன் அதைப் பயன்படுத்த முடியுமா என்றும் பாருங்கள். இந்த மாதிரி வாளுக்கு ‘அட்யூன்மென்ட்’ வேண்டும். ஒரு கேரக்டர் ஒரே நேரத்தில் மூன்று பொருளோடுதான் அப்படி இணைய முடியும். கதிரிடம் ஏற்கெனவே மூன்று இருந்தால் நான்காவதை முதுகில் தொங்கவிட்டுத் திரிவதில் அர்த்தமில்லை.

வராதவர் பங்கு

பங்கு தந்தால் யார் வருவார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் கேம் மாஸ்டர் புத்தகமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வழக்கமாக வந்தவருக்குத்தான் எக்ஸ்.பி. என்று சொல்லிவிட்டு, வராதவர்களுக்கும் தந்து எல்லோரையும் ஒரே லெவலில் வைத்துக்கொள்ளலாம் என்றும், எப்படியும் கிடைக்கும் என்பதற்காக யாரும் ஆட்டத்தின் சந்தோஷத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். மலர் சினிமாவுக்குப் போகவில்லை. வார்டில் நின்றுகொண்டிருந்தார். டூட்டி சார்ட்டை அவரா எழுதுகிறார்?

அதைவிட முக்கியமான ஒன்றைக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மலரின் கிளெரிக்கை ரவி சேர்த்து ஆட்டினார். அப்படியென்றால் மலர் வரவில்லையே தவிர, அவருடைய கேரக்டர் குகைக்குள் வந்திருக்கிறது. காயம் ஆற்றியிருக்கிறது. காவலனின் அடி அதன் மேல் விழுந்து செத்திருந்தால் மலர் அடுத்த ஞாயிறு புது கேரக்டர் ஷீட் எழுதியிருக்க வேண்டும். ஆபத்துக்கு ஐந்து பேர், பங்குக்கு நாலு பேர் என்ற கணக்கை எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். உங்கள் கேள்வியில் இந்த ஒன்றில் மட்டும் எனக்குத் துளியும் தயக்கமில்லை: மலருக்கு முழுப் பங்கு.

இனிமேலுக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கேரக்டர் களத்தில் இருந்தால் முழுப் பங்கு, ஆட்டியது யாராக இருந்தாலும். கேரக்டரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனால் அந்தப் புதையலில் பங்கில்லை, ஆனால் லெவல் மட்டும் எல்லோரோடும் ஏறும். சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் வராதவருக்கு எப்போது பங்கை நிறுத்துவது என்று ஒரு வரம்பை நீங்களே உட்கார்ந்து பேசி வையுங்கள். அன்றைக்கு வாங்கிய பரோட்டாவுக்கு வராதவரிடம் காசு கேட்காதீர்கள்.

நீங்கள் மாடு மீட்கும் கதை ஆடுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வைகைக் கரையில் ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல், கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்காக நட்டது. பழைய தமிழி எழுத்தில் இருக்கிறது. அந்த ஆகோளுக்கு இலக்கணம் சொல்லும் தொல்காப்பியம், மாட்டைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு செய்யும் பாதீட்டை, அதாவது பங்கு பிரிப்பதை, தனித் துறையாகவே வைத்திருக்கிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒரு படி போகிறது. அவரவர் செய்த வேலையை அறிந்து கொடுப்பதைப் பாதீடு என்றும், எதிரி நிலையை வேவு பார்த்துச் சொன்னவனுக்கு மற்றவரைவிடக் கூடக் கொடுப்பதைப் புலனறி சிறப்பு என்றும், புள் நிமித்தம் (பறவைச் சகுனம்) பார்த்துச் சொன்னவனுக்குக் கொடுப்பதைப் பிள்ளைவழக்கு என்றும் துறை வகுக்கிறது. சமப் பங்கு இல்லை, வேலைக்குத் தகுந்த பங்கு. ஆனால் வில் பிடிக்காத வேவுகாரனும் நிமித்தம் பார்த்தவனும் அந்தக் கணக்கில் விட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஐவரும் அந்த வழியை விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது கூடுதல் பங்கு முதலில் போக வேண்டியது பாண்டிக்கு, கதிருக்கு இல்லை.

பாண்டியின் மூன்று கற்கள்

பையனைத் திட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் சொல்ல வேண்டாம். ரோக் கேரக்டர் திருடுவது ஒரு குற்றமா? சீட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டியவர் நீங்கள். அதைத் தெரிந்துகொண்டே மற்ற மூவர் முன்னால் காசைப் பிரித்தீர்கள்.

கூட்டு வேலையில் ஒரு பார்ட்னர் தனியாக லாபம் எடுத்தால் அதைக் கூட்டுக்குக் கணக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அதனால்தான் மேலே 300-ஐக் கணக்கில் சேர்த்தேன். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. அணிக்குள்ளேயே ஒருவர் ஒளித்து எடுப்பது உங்கள் மேசையில் நடக்கலாமா கூடாதா என்று அடுத்த ஆட்டத்துக்கு முன் கேளுங்கள். சில குழுக்களுக்கு அது வேடிக்கை. இரவு ட்யூட்டி முடிந்து தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவருக்கு வேடிக்கையாக இருக்காது. சின்னப் பையன்தானே என்று பாண்டிக்குப் பங்கைக் குறைக்கவும் வேண்டாம். மைனரைக் கூட்டின் பலனில் சேர்த்துக்கொள்ள 30-ஆம் பிரிவே இடம் தருகிறது.

புத்தகமும் பகடையும்

இங்கே மட்டும்தான் நிஜமான சட்டம். மூன்று விதமான பொருள்களை ரவி ஒரே பட்டியலில் போட்டிருக்கிறார். மூன்றுக்கும் பதில் வேறு.

ரூல் புத்தகங்கள் ஆறு பேர் ஆளுக்கு ₹1,500 போட்டு ₹9,000-க்கு வாங்கியவை. ஆகவே ஆறு பேருக்கும் பொது. ரவி முழுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அவருக்கு எதுவும் கிடையாது என்று நீங்களும் சொல்ல முடியாது. ஆறில் ஒரு பங்கு அவருடையது. ஆனால் போட்ட ₹1,500 அப்படியே திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. பழைய புத்தகத்துக்கு இன்றைக்கு என்ன விலையோ அதில் ஆறில் ஒன்று. பழைய புத்தக வியாபாரிகளிடம் பேரம் பேசிப் பழகியவர்கள் உங்களில் யாராவது இருப்பார்கள். அவரை மதிப்புப் போடச் சொல்லுங்கள்.

பகடை செட் உங்கள் பிறந்தநாளுக்கு ரவி கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அசையும் பொருளைக் கையில் கொடுத்து நீங்கள் வாங்கிக்கொண்டாலே தானம் முடிந்தது, பத்திரம் வேண்டியதில்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அதுதான். கொடுத்தவர் மனம் மாறியதற்காக மட்டும் திரும்பப் பெற முடியாது என்பது 126-ஆம் பிரிவு. பகடை உங்களுடையது. திருப்பிக் கொடுக்க நீங்களாக விரும்பினால் அது வேறு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோபத்தில் கேட்டதைக் கோபத்தில் கொடுத்தால், பிறகு சமாதானமாகும்போது இரண்டு பேருக்கும் சங்கடம்.

குட்டி பொம்மைகள் கதை வேறு. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும், எல்லோரும் விளையாடலாம் என்று ரவி வைத்துவிட்டுப் போனவை. அது இரவல். காசு வாங்காமல் இரவல் கொடுத்தவர் எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு சொல்கிறது. நாளைக்கே கொடுத்துவிடுங்கள். எண்ணிப் பார்த்து, பெயின்ட் உரியாமல் துணியில் சுற்றி. அவர் கேட்டதில் நியாயமான பாகத்தைப் பேச்சில்லாமல் முதலில் கொடுத்துவிட்டால் மீதியைப் பேசுவது சுலபம்.

இனி செய்ய வேண்டியது

மலரிடம் வாட்ஸ்அப்பில் விளக்கம் எழுதாதீர்கள். ட்யூட்டி இல்லாத நாளாகக் கேட்டு, போனில் பேசுங்கள். வா, எல்லாம் பேசிக்கலாம் என்று கூப்பிட வேண்டாம். வைரத்துக்கு 300, பங்கு 750, கதிர் தர வேண்டியது 150, லெவல் ஏழு என்று தீர்மானமாகச் சொல்லுங்கள். “மன்னிச்சிரு மலரு, அன்னைக்கு உன் ஆளு குகைக்குள்ள இருந்ததை நான் கணக்குல எடுக்கல” என்பது போதும். கதிரிடம் தனியாக முன்னமே பேசிவிடுங்கள். வாள் போகவில்லை, காசு மட்டும் போகிறது என்று தெரிந்தால் அவர் பெரிதாக எதிர்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு, அடுத்த பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள். காசு சமம். ஐந்து பேருக்கு ஆறு பங்கு, ஆறாவது பொது நிதி. ஒன்று 50 பொன் விலையுள்ள காயமாற்றும் மருந்தும், செத்தவரை எழுப்பும் வைரமும் அதிலிருந்து. வாள், கவசம் போன்றவை யாருக்குப் பொருந்துமோ அவருக்கு, விலை போட்டு. கேரக்டர் களத்தில் இருந்தால் பங்கு. ஒளித்து எடுப்பது உண்டா இல்லையா. கணக்கு நோட்டு தீபா கையில் இருக்கட்டும், அவர் ஒப்புக்கொண்டால். ரவி குழுவில் தொடர்கிறாரா என்பதை அவரே சொல்லட்டும். தொடராவிட்டாலும் அவருடைய விசார்டின் 750-ம், கதிர் தர வேண்டிய 150-ம் அவர் பெயரில் நோட்டில் நிற்கும்.

ஐந்து பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடட்டும். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம்.